ஒதுக்கி வைத்த ஐஸ்

என் மாமாவை ஊரே ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடும். துறைமுகத்துக் கிடங்கில் ஐஸ் கட்டிகளைச் சுமந்து படகுகளில் ஏற்றியே முதுகு வளைந்தவர்.

அங்கே ஒரு வழக்கம். கடலுக்குப் போன படகு வரத் தாமதமானால், அதன் அடுத்த பயணத்துக்கான ஐஸை மரத்தூள் மூடி மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். படகு முதலாளி சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. ஐஸ் இருக்கும்வரை படகு வரும் என்று அர்த்தம்.

ஒரு புயலுக்குப் பிறகு, மாமா மகளின் கணவன் போன படகு வரவில்லை. உருகியதற்கு ஈடாக மாமா தினமும் புதுக் கட்டி வைத்தார். அவர் மகள் காலையில் வந்து மூலையைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் மாலை அந்தப் படகின் முதலாளி வந்தார். "அந்த ஐஸை வீணாக்காதீங்க. என்னோட இன்னொரு போட்டுல ஏத்திடுங்க."

"தேடவா போகுது, முதலாளி?"

"மீனுக்குப் போகுது. ஒரு போட்டு வரலேன்னு அடுப்பை அணைச்சிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

முதலாளி வீட்டு அடுப்பு என்றைக்கு அணைந்தது? மாமா மரத்தூளை விலக்கினார். தன் கையாலேயே கட்டிகளைத் தூக்கி ஏற்றினார்.

மறுநாள் காலை மூலையில் ஈர மரத்தூள் மட்டும் கிடந்தது. மகள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏத்துனது யாருப்பா?"