பாலமினோவில் பேசக் கூடாது

விளக்கு அணைவதற்கு முன்பே எர்னஸ்டீன் பெட்வே இரண்டு கால்களையும் தூக்கி, முன் இருக்கையின் முதுகுக் கம்பியில் வைத்துவிடுவார். எழுபத்தொரு வயதில் அது சுலபமான காரியம் இல்லை. முதலில் வலது கால். அதற்கு ஒரு பெருமூச்சு. அப்புறம் இடது கால். அதற்கு ஒரு "அம்மாடி". பக்கத்து இருக்கைக்காரர் திகைத்துப் பார்த்தால், "எலி" என்று ஒரே சொல்லில் விளக்கம் வரும்.

பிராங்க்ஸில், தலைக்கு மேல் ரயில் ஓடும் தெருவில் இருக்கிற பாலமினோ தியேட்டரில் எலிகள் இருந்தது உண்மைதான். ஆனால் கட்டடத்தைப் புதுப்பித்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது அங்கே எலி வந்தால் வாசலிலேயே டிக்கெட் கேட்பார்கள். இதைச் சொன்னால் எர்னஸ்டீன் ஒப்புக்கொள்வதில்லை.

"எலி போயிடுச்சுன்னு யார் சொன்னா? எலியே வந்து சொல்லிச்சா?"

இருபத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். பேருந்தில் மைக் இருந்தது. அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தார், சீருடையைத் திருப்பிக் கொடுத்தார், குரலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். சோளப்பொரி வாங்க வரிசையில் நின்றாலும், "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, பின்னாடி காலியாதானே கிடக்கு!" என்பார். முன்பின் தெரியாதவர்கள்கூட நகர்ந்துவிடுவார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்த மூன்றாவது வாரம் போதகர் அவரைத் தனியாக அழைத்து, "சகோதரி, ஆண்டவருக்கு மனசுக்குள்ள பாடினாலும் கேட்கும்" என்று மிகவும் பணிவாகச் சொன்னார். எர்னஸ்டீன் அன்றோடு குழுவை விட்டுவிட்டார். ஆண்டவர் மேல் கோபமில்லை. போதகர் மேல் கொஞ்சம் உண்டு.

அந்தக் குரலுக்கென்றே ஒரு காலத்தில் இந்தத் தியேட்டர் இருந்தது. ஒரு டிக்கெட்டுக்கு மூன்று படம். பெண்கள் சிறையில் கலவரம், குங்ஃபூ பழிவாங்கல், மோட்டார் சைக்கிள் கும்பல், வாளி வாளியாகச் சிவப்புச் சாயம். பத்து ஊரில் தேய்ந்துவிட்டுப் பதினோராவது ஊராக இங்கே வரும் படப் பிரதிகள் கீறலும் ஒட்டுமாக இருக்கும். சுருள் வரிசை மாறி, செத்துப்போன வில்லன் அடுத்த காட்சியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பான். யாரும் கவலைப்படவில்லை. படத்தில் என்ன குறைந்ததோ அதைப் பார்க்க வந்தவர்கள் பேசி நிரப்பினார்கள். திரையைப் பார்த்துத் திட்டினார்கள், எச்சரித்தார்கள், யோசனை சொன்னார்கள். மேலே ரயில் போகும்போது வசனம் கேட்காது. அந்த வசனத்தையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், திரையில் ஒரு பெண் நிலவறைக் கதவை நோக்கி நடந்தாள். ஒன்பதாம் வரிசையிலிருந்து எர்னஸ்டீன் கத்தினார்: "திறக்காதடி, பைத்தியமே! அவன் உள்ளதான் இருக்கான்!"

மாடியிலிருந்து ஓர் ஆண்குரல் நிதானமாகப் பதில் சொன்னது: "விடும்மா, அவ திறந்தாத்தானே நாம வீட்டுக்குப் போகலாம்?"

அரங்கமே சிரித்தது. படம் முடிந்து வெளியே வந்தபோது, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தான். பெயர் லெஸ்டர். முப்பத்தொன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் மாடியில்தான் உட்கார்ந்தார், இவர் ஒன்பதாம் வரிசையில்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் கத்திப் பேச முடியாதே!

லெஸ்டர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. மாடியில் இப்போது ஒயின் விற்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு மத்தியானம் எர்னஸ்டீனை வேறெங்கும் பார்க்க முடியாது.

"கல்லறைக்குப் போய்ப் பேசிப் பாத்தேன். காவல்காரன் ஒரு மாதிரி பாக்கறான். அவர்கிட்ட பேச எனக்கு இதை விட்டா எடம் ஏது?"

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்த ஆபத்து மீசைக்கு மெழுகு தடவியிருந்தது. பெயர் வெஸ்லி, ஓஹையோ மாநிலத்துப் பையன், முப்பது வயதிருக்கும், தியேட்டரின் புதிய மேலாளர். கெட்டவன் இல்லை. தான் பிறப்பதற்கு முன்பே பாழாய்ப்போன தியேட்டர்கள்மேல் அவனுக்கு அப்படி ஒரு காதல். புதுச் சுவருக்கு ஆள் வைத்து, பூச்சு உதிர்ந்ததுபோல வர்ணம் அடித்தான். மேலே போகும் ரயில் சத்தம் உள்ளே கேட்காமல் சுவரை அடைத்துவிட்டு, முன்கூடத்தில் பதிவு செய்த ரயில் சத்தத்தை ஓடவிட்டான். புது இருக்கைகளில் கிழிசலை மறைப்பதுபோல அங்கங்கே நாடா ஒட்டினான். எர்னஸ்டீன் முதல் நாளே ஒரு நாடாவை நகத்தால் உரித்துப் பார்த்தார். அடியில் தோல் பளபளவென்று முழுசாக இருந்தது.

"ஏன் கண்ணு, அடிபடாதவனுக்கு எதுக்கு மாவுக்கட்டு?"

"அந்தக் காலத்து உணர்வுக்காக, மிஸ் எர்னஸ்டீன்."

"அந்தக் காலத்துல நாங்க உணர்ந்தது ஆணி. அதையும் வச்சிருக்கியா?"

படங்களும் அப்படித்தான். போன வருடம் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கீறினார்கள். வேண்டுமென்றே தாவவிட்டார்கள். முக்கியமான கட்டத்தில், 'ஒரு சுருள் காணவில்லை, மன்னிக்கவும்' என்று அட்டை காட்டினார்கள். முதன்முதலில் அந்த அட்டையைப் பார்த்தபோது எர்னஸ்டீன் பின்னால் திரும்பி, படம் ஓட்டும் அறையைப் பார்த்து, "மேல யாருப்பா? பதறாதே, நல்லாத் தேடு! நாங்க எங்கயும் போகல!" என்று தைரியம் சொன்னார். அதற்கு முதல் எச்சரிக்கை கிடைத்தது. மறு மாதம் கதாநாயகனிடம், "ஒட்டு மீசை ஒரு பக்கமா தொங்குது, சரி பண்ணுப்பா" என்று நல்லதுக்குத்தான் சொன்னார். அது இரண்டாவது.

பாலமினோவின் சட்டம் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ரத்தம் சொட்டும் எழுத்தில் திரையில் வரும்: 'பேசக் கூடாது. மூன்றாம் முறை பேசினால் இந்த வாசலை மறந்துவிடவும்.' அது வேடிக்கை இல்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நிஜமாகவே ஒரு பட்டியல் தொங்கியது. அதில் பெயர் ஏறிய நான்கு பேரும் அதற்குப் பிறகு உள்ளே வரவே இல்லை.

"எல்லாத்தையும் அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டான்" என்று எர்னஸ்டீன் சொல்வார். "எங்களை மட்டும் விட்டுட்டான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப்படம். எடுத்த பெண்ணே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருநூறு பேர் கூடியிருந்தார்கள். எர்னஸ்டீனுடன் வந்தவர் ரூபன் அசெவேடோ. எதிர்வீட்டுக்காரர், கறிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். அவர் சட்டைப்பையிலிருந்து கட்டியான கேரமல் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை வாயில போட்டுக்க எர்னி. ரெண்டு தாடையும் ஒட்டிக்கும். படம் முடியற வரைக்கும் தெறக்க முடியாது."

"யோவ், என் பல்செட்டு போயிடும்யா."

"பல்செட்டு போனா வேற வாங்கலாம். இந்த எடம் போனா எங்கே வாங்குவே?"

எர்னஸ்டீன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் அவர் பட்ட பாடு இருக்கிறதே, அது சொல்லி மாளாது! வில்லன் காருக்கு அடியில் ஒளிந்தான். எர்னஸ்டீன் கைப்பிடியைப் பிறாண்டினார். கதாநாயகி துப்பாக்கியை மேஜையில் மறந்துவிட்டுப் போனாள். எர்னஸ்டீனின் கண்ணில் நீர் வந்தது. சுற்றிலும் இருநூறு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்பதுபோலக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கதாநாயகி நிலவறைக் கதவருகே வந்தாள். பிடியில் கை வைத்தாள்.

"ஏய், அதைத் திறக்காதே!" என்று ஒரு பெண்குரல் அரங்கத்தைக் கிழித்தது.

ஒரு நொடிதான். டார்ச் விளக்கின் வெளிச்சம் நேராக ஒன்பதாம் வரிசைக்கு ஓடிவந்தது. பின்னாலேயே வெஸ்லியும் ஓடிவந்தான்.

"மிஸ் எர்னஸ்டீன், தயவுசெஞ்சு வெளிய வாங்க."

"ம்ம்!" என்றார் எர்னஸ்டீன். "ம்ம்ம்ம்!"

"அவ பேசலப்பா!" என்று ரூபன் எழுந்தார். "அவளுக்கு வாயே தெறக்காது! வேணும்னா இழுத்துப் பாரு!"

"மிஸ்டர் அசெவேடோ, உங்களுக்கு முதல் எச்சரிக்கை."

முன்கூடத்தில் பதிவு செய்த ரயில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. வெஸ்லி பட்டியலை ஆணியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தான். அவன் முகம் வாடியிருந்தது. "எனக்கே கஷ்டமாதான் இருக்கு. ஆனா சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினான். எர்னஸ்டீன் வாயைத் தொட்டுக் காட்டினார். கன்னத்தை உப்பிக் காட்டினார். இரண்டு விரலால் தாடையைப் பிடித்து இழுத்தும் காட்டினார். அதற்குள் வெஸ்லி முதல் பெயரை எழுதி முடித்து, பெட்வே என்பதில் பாதி வந்திருந்தான்.

மூடிய கதவுக்கு அப்பாலிருந்து, அதே குரல், அதே தொண்டை, "ஓடு! பின்னாடி பாக்காதே, ஓடு!" என்று கத்தியது.

வெஸ்லியின் பேனா நின்றது. கதவைப் பார்த்தான். தன் எதிரே கன்னம் உப்ப நிற்கும் எர்னஸ்டீனைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான்.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு, படம் எடுத்த பெண் மகிழ்ச்சியாக வெளியே வந்தாள். "இங்க வரைக்கும் கேக்குதா? நல்லாக் கேக்குதா? அந்தக் காலத்துல ஜனங்க கத்துவாங்களாமே, அதையும் பதிவு பண்ணிப் படத்திலேயே சேர்த்துட்டோம்! அசல் பழைய தியேட்டர் மாதிரி இல்ல?"

வெஸ்லி மீசையைத் தடவினான். மெழுகு கையோடு வந்தது.

எர்னஸ்டீன் ஒரு விரலை வாய்க்குள் விட்டு, மிட்டாயை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் பேசப்போகும் முதல் வார்த்தை வசவாக இருக்கும் என்று வெஸ்லி தோளைக் குறுக்கிக்கொண்டான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும்மா அந்தப் பொண்ணு, கத்தினது?"

"எங்க அக்கா. அலமாரிக்குள்ள நிக்க வச்சுக் கத்தச் சொன்னோம். எதிரொலி வரக் கூடாதுன்னு."

"அலமாரிக்குள்ளயா? தனியாவா?"

"ஆமா, துணியெல்லாம் இருந்துச்சு."

எர்னஸ்டீன் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். "பிடியில கை வச்சப்பறம் கத்தறா. அது தப்பு. கை வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். அப்பத்தான் சொன்னதைக் கேக்கலேன்னு திறக்கறவ மேல கோவம் வரும். சரி, அது போகட்டும். புதுசுதானே, பழகிடும்." அவர் குரல் இறங்கியது. "இருநூறு பேர் உக்காந்திருக்காங்க. அந்தப் பொண்ணு ரெண்டு தரம் கத்திட்டா. ஒருத்தர்கூட ஒண்ணுமே சொல்லலியேம்மா அவளுக்கு?"

வெஸ்லி அரைகுறையாக எழுதியதை நான்கு கோடு போட்டு அடித்தான். டார்ச்சை அடித்து, எர்னஸ்டீனுக்கு வழிகாட்டியபடி உள்ளே வந்தான். வழி முழுக்க அவர் காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தான்: "மன்னிச்சிடுங்க மிஸ் எர்னஸ்டீன், என் தப்புதான். இந்தத் தடவை கணக்குல கிடையாது. ஆனா பழைய ரெண்டும் அப்படியேதான் இருக்கு, பாத்துக்குங்க. இனிமே ஒரே ஒரு வார்த்தை வந்தாலும் நான் நிஜமாவே எழுதிடுவேன். என் கையில ஒண்ணும் இல்ல, புரிஞ்சுக்கணும்..." குற்ற உணர்ச்சி மிகுந்தவர்களுக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிடும். ஒன்பதாம் வரிசையை அடைவதற்குள் அரங்கத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் கதாநாயகி இருட்டான படிக்கட்டின் மேல்படியில் நின்றாள். அலமாரிக்குள் நின்று கத்திய அந்த அக்காவின் குரல் மூன்றாம் முறையாக வந்தது: "இறங்காதே! கீழே இறங்காதே!"

குரல் சுவரில் போய் மோதியது. இருநூறு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

வெஸ்லி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். எர்னஸ்டீன் திரும்பி, அவனுடைய மெழுகு மீசைக்குக் கீழே, உதட்டின்மேல், ஒற்றை விரலை வைத்து அழுத்தினார். அவன் பேச்சு நின்றது. அப்படியே விரலை எடுக்காமல், திரையை நோக்கி நிமிர்ந்து, மார்பு நிறைய மூச்சை இழுத்தார்.