முளைக்காத கொண்டைக்கடலை

என் வகுப்பில் எல்லாப் பாடத்துக்கும் எழுத வேண்டும். கணக்கைப் போட்டால் மட்டும் போதாது, எப்படிப் போட்டாய் என்று சொந்தமாக நாலு வரி எழுத வேண்டும். சமூக அறிவியலில் ஆறு பற்றிய பாடம் என்றால், முல்லையாற்றில் போன வாரம் என்ன பார்த்தாய் என்று எழுத வேண்டும். "இந்த டீச்சரு வெளையாட்டு பீரியட்லயும் கட்டுரை கேப்பாக" என்று எங்கள் தலைமையாசிரியர் கிண்டல் செய்வார். கேட்டால் என்ன தப்பு? கைடைப் பார்த்து அப்படியே இறக்கிவைக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாம் வகுப்புக்கு விதை முளைக்கும் பாடம் வந்தது. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு, கொண்டுவந்த விதையை ஊன்றி, தினமும் கண்ணால் பார்த்ததை எழுதச் சொன்னேன். "முளைச்சு ரெண்டு இலை விடுற வரைக்கும் எழுதணும். பாதியில ஒருத்தரும் விட்டுட்டுப் போகக் கூடாது, சொல்லிட்டேன்" என்று வழக்கம்போல் மிரட்டியும் வைத்தேன்.

மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியாதபோது, பாதிப் பேர் "பச்சை இலைகள் தோன்றின" என்று எழுதிவிட்டார்கள். காதைத் திருகாத குறைதான். ஒருத்தி மட்டும் "இன்று ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாள். அடுத்து, "இன்றும் இல்லை. எறும்பு வந்தது." அதற்கும் அடுத்து, "சிரட்டையில் வாடை அடிக்கிறது." பூரித்துப்போய் வகுப்புக்கே உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மற்றவர்களின் பயறும் மொச்சையும் தலைதூக்கிவிட்டன. இடைவேளையில் அவள் போய் அவற்றின் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வேறு விதை தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒருநாள் அவளுடைய அம்மா சின்ன மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. அந்த வெதை எப்ப முளைக்கும்?"

"எந்த வெதை?"

"இவ ஊண்டி வச்சிருக்கால்ல. மலைக்கு மேல ஏலத்தோட்டத்துல வீடு குடுத்து வேலைக்குக் கூப்பிடுறாக. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போறேன். அங்கன பள்ளிக்கூடம் ரொம்பத் தூரம். இவ தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்துக்கிருவா. டி.சி. வாங்கணும்டின்னா, வெதை முளைக்காம டீச்சர் ஒருத்தரையும் விட மாட்டாகங்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் படிப்பு நின்றுவிடப்போகிறது என்பது உறைத்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சரி, அப்படி என்ன விதைதான் போட்டிருக்கிறாள் என்று அவளையும் கூப்பிட்டு, சிரட்டையைக் கவிழ்த்துக் கிளறினேன். விரல் பட்டதும் மாவாக நசுங்கியது. கொண்டைக்கடலை. மதியச் சத்துணவில் போட்டது. தாளித்த கடுகுகூடக் கிடந்தது.

"ஏ புள்ள, அவிச்ச கடலை எங்கனயாச்சும் முளைக்குமா? காட்டு வேலை செய்யிறவுக வீட்டுப் பிள்ளைதான நீ?" என்று கத்திவிட்டேன்.

"வேகாத கடலையப் போட்டா முளைச்சிரும்ல டீச்சர்" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வர இஷ்டமில்லைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"சொன்னேன்மா. நீதான் கேக்கல."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னவனைப் பால்வாடியில் விடலாம், நானே அங்கே பேசுகிறேன் என்றேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் காலையில ஜீப்புல மலைக்கு ஏறுனா சாயங்காலம் வீட்டுக்கு எறங்கிருவேன்" என்றார் பிறகு. "ஒடம்பு நோகும். நோகட்டும். டி.சி. எழுதாதீக டீச்சர்."

"நெசமாவாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள் மகள். அவர் தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், அப்ப நானும் வேகாத கடலை போட்டுக்கிடட்டுமா?"