ஒரு முழம் தள்ளி எடுத்த படம்

இதைச் சொன்னால் என் அம்மாவே நம்ப மாட்டாள். நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், என் கண் முன்னால் நடந்தது இது.

மணி நாலரை இருக்கும். எனக்கும் என் கணவருக்கும் வழக்கமான சண்டை. கிட்டத்தில் படம் எடுக்க என் போன் போதும் என்பேன் நான். தன் பெரிய கேமராவுக்கு அது உறை போடக் காணாது என்பார் அவர்.

"பேசாம அந்தக் கேமராவையே நீங்க கட்டிக்கிட்டிருக்கலாம்."

"கட்டியிருந்தா வீடு அமைதியா இருந்திருக்கும்."

பந்தயம் கட்டினோம். எங்கள் ஐந்து வயது மகள் சிட்டுவின் கண்ணை இருவரும் எடுக்க வேண்டும். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

முதலில் நான். போனை அவள் கண்ணுக்கு விரல் நீளம் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. இமை முடி ஒவ்வொன்றும் பளிச்சென்று விழுந்தது. ஆனால் கருவிழி முழுக்க என் போனின் கறுப்பு நிழல்.

"பாத்தியா? போனே மறைச்சிடுச்சு. என்னோடது ஒரு முழம் தள்ளி நின்னே எடுக்கும்."

அவர் கேமராவை முக்காலியில் பொருத்தினார். சிட்டு நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி. அவளுக்குப் பின்னால், மேசை மேல் மடிக்கணினி; மேசைப் பக்கத்தில் நான். எடுத்த படம் உடனே அதில் வந்து விழும்.

க்ளிக்.

திரையில் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜன்னல் தெரிந்தது. முக்காலி தெரிந்தது. அவர் தெரிந்தார். அவர் தோளுக்குப் பின்னால், முடியை விரித்துப் போட்ட ஒரு பெண்...

"நீ எதுக்கு என் பின்னாடி வந்து நின்ன?"

நான் மேசைப் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. என் தலையில் கொண்டை.

அவர் கேமராவின் ரிமோட்டை எடுத்துக்கொண்டு என் அருகில் வந்து நின்றார்.

"சிட்டு, அசையாதடா."

க்ளிக்.

ஜன்னல். முக்காலி. அதன் பக்கத்தில், குனிந்தபடி அவள்.

நிமிர்ந்தேன். முக்காலிக்குப் பக்கத்தில் யாருமில்லை.

க்ளிக்.

"நான் அமுக்கல..." என்றார் அவர்.

திரையில் ஜன்னல் இல்லை. முக்காலி இல்லை. கருவிழி முழுக்க ஒரு முகம்.

"சிட்டு, எழுந்து வாடி!"

எழவில்லை. தூக்கினேன். ஆணி அடித்தது போல் இருந்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை.

"இழுக்காதம்மா... வலிக்குது. அவங்களும் இழுக்கிறாங்கல்ல..."

க்ளிக்.

க்ளிக்.

அவர் ஓடிப்போய்க் கேமராவின் பேட்டரியைப் பிடுங்கினார்.

சிட்டு என் மேல் சரிந்தாள். அவள் மணிக்கட்டில் விரல் தடங்கள். எங்கள் கைகள் அங்கே படவே இல்லை.

மறுநாளே கேமராவை விற்றோம். இனிமேல் போன் போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

போன வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். என் போன் முகங்களை அடையாளம் கண்டு, யார் யார் படம் என்று தானாகவே பிரித்து வைக்கும். எனக்கு ஒரு வட்டம். அவருக்கு ஒன்று. சிட்டுவுக்கு ஒன்று.

நான்காவதாக ஒரு வட்டம் இருந்தது. அதே முகம்.

தொட்டேன். உள்ளே அத்தனையும் சிட்டுவின் படங்கள். பள்ளிக்கூடத்தில், குளியல் தொட்டியில், என் இடுப்பில்... தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

ஆகப் பழைய படத்தில் மட்டும் சிட்டு பிறந்திருக்கவே இல்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனின்போது, அந்தத் திரையை நான் ஆசையாகப் போனில் எடுத்த படம் அது.