ஆம்பூர் வெயிலில் ரேம் டியூனிங்

"சார், கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள படம் போகலேன்னா என் டிசைன் அவ்ளோதான்."

போனில் ஷபானா. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் சிறு கம்பெனி ஒன்றின் டிசைனர். இத்தனை வருடம் பிறர் வரைந்ததைத் திருத்திக்கொண்டிருந்தவர். இப்போதுதான் அவருடைய சொந்த மாடலைப் பார்க்க ஷூ கொள்முதல் செய்யும் ஒரு பையர் சம்மதித்திருந்தார். டிசைனை நிஜ ஷூபோல் படமாக்கும் ரெண்டர் ஓடும்போது பாதியில் மெஷின் விழுந்துவிடுகிறது.

நான் தோல் கம்பெனி ஒன்றின் சிஸ்டம்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனுக்கு வேலை இல்லை என்று ஊர் நம்புகிறது. அதனால் எல்லா வேலையும் அவனிடமே வருகிறது.

போய், மெஷினின் அடிப்படை செட்டிங்குகள் உள்ள பயாஸைத் திறந்தேன். மெஷினின் தற்காலிக நினைவகமான ரேம், அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்த வேகத்தையும் தாண்டி ஓடியது. ஒவ்வொரு வேலைக்கும் அதற்குத் தரும் இடைவெளிகளான டைமிங்குகள் இறுக்கப்பட்டிருந்தன. 1.35 இருக்கவேண்டிய வோல்டேஜ், 1.5.

"இது யார் கைவண்ணம்?"

"நான்தான் சார்" என்றார் முதலாளி இம்தியாஸ் பாய். முன்பு தோல் பதனிடும் டேனரி நடத்தியவர். "வீடியோ பாத்து ஸ்பீடு ஏத்தினேன். ஹேங் ஆச்சு. சரி, வோல்டேஜ் பத்தலன்னு கொஞ்சம் ஜாஸ்தி குடுத்தேன். காலைல ரேம் டெஸ்ட் போட்டா பாஸ் ஆவுது. மத்தியானம்தான் பேஜார் பண்ணுது."

"பாய், உங்க டேனரி டிரம்ல உப்பு, ஆசிட், குரோம் மூணையும் ஒரேடியா கொட்டுவீங்களா?"

"இன்னா சார் இது! தோலே வீணாப்போய்டும். ஒண்ணு போட்டு, ஓட்டிப் பாத்துட்டுதான் அடுத்தது."

"அந்த மரியாதைய ரேமுக்கும் குடுத்திருக்கலாம்."

ஷபானா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

மத்தியானம் மட்டும் ஏன்? விசாரித்தேன். அப்போது கரண்ட் போகும். ஜெனரேட்டரில் கம்ப்யூட்டர் ஓடும், ஏசி ஓடாது. ரேம் தன்னிடமுள்ள தகவலை ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். சூடு ஏறினால் தகவல் சீக்கிரம் கசிந்துவிடும். கூடுதல் வோல்டேஜ் சூட்டைக் கூட்டியது. புதுப்பிக்கத் தரும் நேரமான டிஆர்எஃப்சியையும் பாய் குறைத்துவைத்திருந்தார்.

முதலில் வேகத்தையும் வோல்டேஜையும் பழையபடி, பெட்டியில் உள்ள அளவுக்கே வைத்தேன்; டைமிங்குகளைத் தொடவில்லை. டெஸ்ட் போட்டுவிட்டு, ஏசியை அணைக்கச் சொன்னேன்.

"சார், வெந்துடுவோம்!"

"ரேமும் அப்படித்தான் வேகுது பாய்."

"டெஸ்டுக்கு நேரமில்ல சார். ரெண்டர் போட்டுடலாம்" என்றார் ஷபானா.

"பாதில விழுந்தா?"

ஷபானா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் ஒரு எரர் வந்தது. டிஆர்எஃப்சியை மட்டும் தளர்த்தி மறுபடி ஓட்டினேன். எரர் இல்லாமல் முடிந்தது. ஏசியைப் போட்டு, ரெண்டரைத் தொடங்கினோம்.

ரெண்டர் பாதியைத் தாண்டியபோது கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தியது, ஜெனரேட்டர் எழுந்தது. அறை அடுப்பாயிற்று. மூவரும் ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிற்கவில்லை. படம் முடிந்தது, பையருக்குப் போயும் சேர்ந்தது.

"ஸ்பீடு கொஞ்சம் கம்மியாய்டுச்சு இல்ல?" என்று இழுத்தார் பாய்.

"முன்னாடி ஸ்பீடாத்தான் பாய் விழுந்துச்சு" என்றார் ஷபானா.

மறுநாள் பையர் ஒரு ஜோடி சாம்பிள் கேட்டார்.

ரேமில் கை வைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல இரண்டே உண்டு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். டெஸ்டை மெஷின் படுக்கும் வேளையில், படுக்கும் சூட்டிலேயே போடுங்கள். ஏசி அறையில் காலையில் வாங்கிய பாஸ், ஆம்பூரில் மத்தியானம் வரைக்கும்தான் செல்லும்.