கேட்காமல் வந்த பதினான்கு பதில்கள்

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது என் மனைவிக்கு. பொய் சொல்ல அவளுக்கு வராது. வந்திருந்தால் இத்தனை வருஷத்தில் மேனேஜராகவாவது ஆகியிருப்பாள். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு மேல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டெடுப்பது அவள் வேலை. ஆனால் அன்று மேஜையில் இருந்தது வாடிக்கையாளர் கொடுத்த டிஸ்க் இல்லை. அவளுடைய தம்பி, எங்கள் வீட்டுச் சின்னவன், ஆபரேட்டராக வேலை பார்த்த தொழிற்சாலையின் பாய்லர் அறையில் இருந்த டிஸ்க் அது. பாய்லர் வெடித்து அவனும் கூட இருந்த இரண்டு பேரும் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆபரேட்டர் தூங்கிவிட்டான், எச்சரிக்கையே அனுப்பவில்லை என்று முதலாளி தரப்பு பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டுவிட்டது. செத்தவன் எழுந்து வந்து வாதாடவா போகிறான்? கூடச் செத்த அந்த இருவரில் ஒருவனின் வீடு எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. என் மாமியார் வாசல்படி தாண்டுவதையே நிறுத்திவிட்டார்.

அவன் எச்சரிக்கை அனுப்பியிருந்தால் அது இந்த டிஸ்க்கில் பதிவாகியிருக்கும். அதைக் காட்ட விசாரணை அதிகாரி கொடுத்த கெடு, திங்கள் காலை பத்து மணி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நேராக டிஸ்க்கோடு பேசாது. நடுவில் டிரைவர் என்று ஒரு நிரல் உட்கார்ந்திருக்கும். "இந்த எண்ணுள்ள கட்டத்தைப் படித்துக் கொடு" என்று டிஸ்க்கிடம் சொல்லிவிட்டு அது தூங்கிவிடும். படித்து முடித்ததும் டிஸ்க் ஒரு சமிக்ஞை கொடுத்து எழுப்பும். டிரைவர் எழுந்து, வந்ததை வாங்கி, கேட்டவனிடம் சேர்க்கும். நிறையக் கட்டங்கள் கேட்டால் எண் வாரியாக வரிசைப்படுத்திக்கொள்ளும். பஸ்ஸில் முதலில் ஏறியவரையா முதலில் இறக்குகிறார்கள்? எந்த ஸ்டாப் முன்னால் வருகிறதோ அங்கே இறங்குபவரைத்தானே? அது மாதிரிதான்.

இந்த டிஸ்க்கில் படிக்கிற முள் சாகக் கிடந்தது. வீணாக ஒரு தடவை அசைந்தாலும் ஆபத்து. அதனால் அவளே உட்கார்ந்து இதற்கென்று ஒரு டிரைவர் எழுதினாள். அதில் ஒரு வரி உண்டு. கேட்காமல் ஒரு பதில் வந்தால் அதன் எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, பதிலைத் தூக்கிப் போடு. அவளைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கேட்காததை வாங்கிக் கண்ட இடத்தில் வைத்தால் மெஷினே படுத்துவிடும்.

2:40க்கு ஆரம்பித்தாள். ஆபீசில் வேறு யாரும் இல்லை. டிஸ்க் மெல்லிய சத்தத்தோடு சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்கள் ஒழுங்காக வந்தன. 3:05க்கு நான் போன் செய்தேன்.

"சாப்ட்டியா?"

"ம்."

"என்ன சாப்ட்டே?"

"போனை வைங்க."

அவ்வளவுதான் பேச்சு.

3:12:09. திரையில் ஒரு வரி விழுந்தது.

கேட்காத பதில். கட்டம் 88,410.

சாகிற டிஸ்க் உளறத்தான் செய்யும் என்று அவள் கண்டுகொள்ளவில்லை. 3:12:31க்கு இன்னொன்று. கட்டம் 20,077. அப்போது முள் முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் மேலே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து எண்பத்தெட்டாயிரத்துக்குத் தாவி, திரும்ப இருபதாயிரத்துக்கு வந்ததா? அப்படித் தாவினால் 'டக்' என்று காதில் கேட்கும். எதுவும் கேட்கவில்லை.

படிப்பதை நிறுத்தினாள். இப்போது டிரைவரிடம் ஒரு கோரிக்கைகூட இல்லை. டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

3:14:02. கேட்காத பதில். கட்டம் 61,203.

யாராவது வெளியிலிருந்து உள்ளே நுழைந்துவிட்டார்களோ? நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள்.

3:14:40. கேட்காத பதில்.

3:15:06. கேட்காத பதில்.

எண்கள் முன்னும் பின்னும் தாறுமாறாக ஓடின. ஒன்பதாவது வந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஒரு வரியை மாற்றினால் என்ன? வருவதைத் தூக்கிப் போடாமல் வைத்துப் பார்த்தால்? இரண்டு நிமிஷ வேலை. விரல் கீபோர்டு வரைக்கும் போனது.

அப்போதுதான் கவனித்தாள். திரை மங்கலாக இருந்தது.

உள்ளங்கையால் துடைத்தாள். ஈரம். வெதுவெதுப்பாக.

ஆவி...

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு டிகிரி. ஆனால் பிடரியில் சூடு. யாரோ நாற்காலிக்குப் பின்னால் குனிந்து திரையைப் பார்ப்பது போல... அவ்வளவு பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை.

பன்னிரண்டு... பதின்மூன்று...

3:19:40. டிஸ்க்கின் மின் ஒயரைப் பிடுங்கினாள்.

டிஸ்க் முனகி நின்றது.

அமைதி.

ஒயர் அவள் கையில்.

3:19:52.

கேட்காத பதில்.

அலறிக்கொண்டு ஓடினாள். திரும்பப் போன் செய்தும் எடுக்கவில்லை என்று நான் போய்ப் பார்த்தபோது ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒயரை இன்னும் விடவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நான் மேலே போனபோது திரை காய்ந்திருந்தது. பதினான்கு வரிகளும் அப்படியே இருந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் நான் பக்கத்தில் நிற்க, டிஸ்க்கைத் திரும்ப இணைத்தாள். 'கர்ர்ர்' என்று ஒரே சத்தம். முள் உடைந்து, தகவல் பதிந்திருந்த தட்டையே வழித்துவிட்டது. திங்கள் பத்து மணிக்கு ஆபரேட்டரின் அலட்சியம் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, அன்று 3:12க்கு முன்னால் ஒழுங்காக வந்த கட்டங்களைப் பிரித்துப் பார்த்தாள். டிஸ்க்கின் பொருளடக்கம் அதில் இருந்தது. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற பட்டியல். அதில் பாய்லர் வெடித்த நாளின் பதிவேடும் இருந்தது. அந்தப் பதிவேடு டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தது, பதினான்கு கட்டங்களில். முதல் பக்கம் 88,410. இரண்டாவது 20,077. மூன்றாவது 61,203.

பதினான்கும் அதே எண்கள், அதே வரிசை. டிரைவர் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குத்தான் போகும். இது பக்க வரிசை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவன் எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவள் எழுதிய டிரைவர் ஒவ்வொன்றையும் வாங்கி வீசியிருக்கிறது.

பதிவேட்டில் கடைசியாக எழுதப்பட்ட நேரமும் பட்டியலில் இருந்தது. மத்தியானம் 3:19:52. பாய்லர் வெடித்தது 3:20க்கு.

அதிகாரியிடம் ஓடினோம். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மெஷின் தானா எழுதியிருக்கலாமே. உள்ளே என்ன எழுதியிருந்துச்சுன்னு காட்டுங்க."

வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அந்தப் பெட்டியில என் பிள்ளை எதாவது சொல்லியிருந்தானாடி?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."