மூன்று வைடும் ஒரு பவுடர் டப்பாவும்

ரோஜா வாசனைப் பவுடரை எங்கே முகர்ந்தாலும் இன்றைக்கும் என் வலது கை வியர்த்துவிடும். அடுத்த நொடி ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளிகள். அப்பா சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போடுபவர். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை எங்கள் துணியிலும் கையிலும் தங்கியிருக்கும், வெளியார் சொன்னால்தான் எங்களுக்கே தெரியும். எனக்குப் பந்து வீச வரும். ஓடத் தொடங்குமுன் பந்தை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்வேன். அந்தத் தோல் வாசனை உள்ளே போனதும் கூச்சலெல்லாம் அடங்கி ஸ்டம்ப் மட்டும் கண்ணுக்குத் தெரியும். “பந்தும் தோலுதானேடா, அது உன்ன இன்னா பண்ணிடும்?” என்பார் அப்பா.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வேலூரில் ஒரு மேட்ச் வைத்தார்கள். அரைநாள் லீவு போட்டு அப்பாவும் வந்து வேலிக்கு வெளியே நின்றார். பந்து என் கைக்கு வரும் நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூட ‘டிரில் மாஸ்டர்’ பவுடர் டப்பாவோடு வந்தார். “நாத்தம் அடிக்குதுடா. அவனுங்க மூக்கப் புடிச்சா நீ பேஜாராய்டுவ, கவனம் போய்டும்” என்று என் கழுத்திலும் இரண்டு கையிலும் கொட்டித் தேய்த்தார். என் மனசைக் காப்பாற்றுகிறாராம்!

பந்தை முகர்ந்தேன், ரோஜாதான் வந்தது. வியர்வையில் பவுடர் குழைந்து பந்து வழுக்கியது. வைடு. மறுபடி வைடு. மூன்றாவதும் வைடு. குனிந்து கையை மண்ணில் அழுத்தித் தேய்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு போட்ட ஆறும் நேராக விழுந்தன, ஒன்று நடு ஸ்டம்பையே சாய்த்தது. யார் பார்த்தார்கள்? “மனசுல தெம்பு இல்லாதவன் எதுக்குடா பவுலிங் போட வர்ற?” என்று வேலிவரை கேட்கும்படி கத்தினார் மாஸ்டர். அடுத்த ஓவர் எனக்குக் கிடைக்கவில்லை, மாவட்ட அணியும் இல்லை. திங்கட்கிழமை பிரேயரில் என்னை நிற்கவைத்து மனோதிடம் பற்றி எல்லோருக்கும் உபதேசம் வேறு செய்தார். பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மனுஷன்!

மேட்ச் முடிந்ததும் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கக் கூடாது. “என்னாலதானா?” என்று கேட்டார். ஆம்பூர் பஸ்சில் என் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. அவர் கடைசி சீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். மாவட்ட அணி போனதைக்கூட நான் மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

இன்று அந்த மைதானத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது, டேனரியையும் மூடிவிட்டார்கள். போன வருஷம் அப்பா போனார். குளிப்பாட்டி முடித்ததும் யாரோ வழக்கப்படி பவுடர் டப்பாவைத் திறந்தார்கள். பிடுங்கி வாசலில் எறிந்துவிட்டு, அவர் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.