நாலு பக்கமும் மின்னிய கார்

என் கணவருக்கு இரண்டு காதும் மந்தமாகி மூன்று வருஷம் ஆகிறது. டிவியை அலறவிட்டால் பக்கத்து வீட்டில் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். காரை என்ன செய்வது? இண்டிகேட்டர் போட்டால் உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருமே, அது அவருக்குக் கேட்காது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மினுக்கும் பச்சை அம்பு வெயிலில் கண்ணில் படாது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் இதோ திரும்புகிறேன், இதோ திரும்புகிறேன் என்று காட்டிக்கொண்டே நேராகப் போவார். பின்னால் வருகிறவர்களின் வசவெல்லாம் என் காதில்தான் விழும்.

ஒரு ஆட்டோவில் உரசியதும், பாலவாக்கத்தில் இருக்கும் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இன்னொரு தடவை இடித்தால் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவானாம். பெரிய மனுஷன்! கச்சேரிக்குப் போவதை இவர் நிறுத்தியாயிற்று. போனில் பேசுவதையும் நிறுத்தியாயிற்று. மிச்சம் இருப்பது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் கார் ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இண்டிகேட்டர் எரியும்போதெல்லாம் கூடவே மினுக்குகிற மாதிரி, டேஷ்போர்டு மேல் பெரிதாக ஒரு ஆரஞ்சு விளக்கு வேண்டும் என்றேன்.

"லெஃப்டுக்கு ஒண்ணு, ரைட்டுக்கு ஒண்ணு, ரெண்டா வெச்சிடலாம்மா."

"ரெண்டெல்லாம் வேண்டாம். காரென்ன கல்யாண மண்டபமா, சீரியல் செட்டு போட? ஒண்ணு போறும்."

அரை மணியில் முடித்துவிட்டார். விளக்கு ஜம்மென்று மினுக்கியது. மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது கணவர், "என்னமோ ரெண்டு அம்பும் சேர்ந்து மின்னறதுடீ" என்றார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஆரஞ்சைப் பார்த்து ஓட்டுங்கோ, போறும்" என்று அவர் காதருகே கத்தினேன்.

லஸ் கார்னரில் வலது பக்கம் திரும்பினார். டமால் என்று ஒரு பைக் வந்து அவர் பக்கத்துக் கதவில் மோதியது. நல்லவேளை, ஓட்டிவந்தவனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து நின்று அவன் போட்ட கூச்சலில் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா சார், நாலு லைட்டும் போட்டுக்கினு ரைட்ல திரும்புற? நாலும் போட்டா ஸ்ட்ரெய்ட்டா போறன்னுதான அர்த்தம்?"

இந்த ஊரில் அது தனிச் சட்டம். வண்டி பழுதாகி நின்றால் போட வேண்டிய நாலு விளக்கையும், நேராகப் போகிறேன் என்று சொல்லப் போடுவார்கள். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்தானோ, அவனை நாலு சாத்து சாத்தவேண்டும். ஆனால் நான் அந்தப் புண்ணியவானையும் திட்டவில்லை, பைக்காரனையும் திட்டவில்லை. கணவர் பக்கம் திரும்பினேன்.

"காதுதான் போச்சு, கண்ணும் போயிடுத்தா? எந்த ஸ்விட்சைப் போட்டுத் தொலைச்சேள்? செவிடு, செவிடு! உங்களோட ஒரு நாள் நிம்மதி உண்டா எனக்கு?"

அவருக்குச் சத்தம் கேட்டிருக்காது. உதடு தெரிந்திருக்கும். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து என் மடியில் வைத்தார்.

நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டில் இடது இண்டிகேட்டரைப் போட்டதும் வாட்ச்மேன் ஓடிவந்தார். "இன்னாம்மா, நாலும் எரியுது? வண்டி ரிப்பேரா?"

நான் போட்டதோ இடது மட்டும். கணவரை இறக்கிவிட்டு, வந்த வேகத்தில் வண்டியைத் திருப்பி ஈக்காட்டுத்தாங்கலுக்கு விட்டேன்.

"நீங்கதானம்மா ஒரே பல்பு கேட்டீங்க" என்றார் எலக்ட்ரீஷியன். "லெஃப்டு ஒயர், ரைட்டு ஒயர் ரெண்டையும் சேத்து முறுக்கி அதுக்குக் குட்த்தேன். அதான் இந்தாண்ட கரண்ட் அந்தாண்டயும் பூடுது. நாலும் எரிஞ்சா நல்லதுதான, தூரத்துலயே தெரியும்."

"நல்லதா? ஒரு உசிரு போயிருக்கும்யா!"

"ரெண்டா வெச்சிடலாம்னு நான் சொல்லலியா?"

சொன்னார். கணவரும்தான் சொன்னார். இரண்டு பேர் வாயையும் அடைத்தது நான். தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு விளக்காகப் போடவைத்து, வண்டிக்குப் பின்னால் நின்று நானே சரிபார்த்தேன். மகனுக்குப் போன் செய்தேன். "இடிச்சதுக்குக் காரணம் நான். சாவியைக் கேட்டுண்டு வந்தே, நடக்கறதே வேற" என்று வைத்துவிட்டேன். கணவருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன்: தப்பு உங்களோடது இல்லை, என்னோடது. படித்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு வாரம் சாவியைத் தொடவில்லை.

எட்டாம் நாள் நானே சாவியை அவர் கையில் திணித்து, தி. நகருக்குப் போகவேண்டும் என்றேன். அதே லஸ் கார்னரில் வலது இண்டிகேட்டரைப் போட்டார். வலது விளக்கு மட்டும் பளிச் பளிச்சென்று மினுக்கியது. எதிரே வண்டி இல்லை. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். வண்டி மட்டும் நகரவில்லை. என்ன என்று பார்த்தேன். அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. திரும்பலாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.